மாமாவின் வலது கண்

போடியில் எதற்கு விலை கேட்டாலும் மனசு அதைத் தானாக ஏலக்காய்க் கிலோவுக்கு மாற்றிக்கொள்ளும். நகைக்கு இத்தனை கிலோ, மகன் படிப்புக்கு இத்தனை மூட்டை. நானும் அந்த ஊர்க்காரன்தான். தொலைநோக்கியின் முதுகில் ஏற்றிவைக்க ஒரு கைடு கேமரா வாங்கலாம் என்று முடிவெடுத்தது 2019 ஆகஸ்டில். விலை 15,000 ரூபாய் பக்கம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மலைக்கு அந்தப்புறம் புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. போடி டீக்கடைகளில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை. அந்த விலைக்குக் கணக்குப் போட்டால் கேமரா இரண்டு கிலோ சொச்சம். ஒரு தூக்குவாளிக் காய்.

அன்றைக்கே வாங்கியிருக்கலாம். ஆனால் கட்டுப்படியாகிற கேமரா எது என்று ஆராயாமல் எப்படி வாங்குவது? பற்று வரவு நோட்டில் கோடு போட்டு ஆராய்ந்தேன். ஆராய்ந்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. கேமரா விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன், இறங்கியது ஏலக்காய். 2021 கடைசியில் நான் பணம் கட்டியபோது காய் கிலோ 1,000 ரூபாய்க்கே முக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கிலோ கேமரா பதினைந்து கிலோ கேமரா ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சிக்கனம்.

கைடு கேமரா என்றதும் அதுதான் படம் எடுக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். போடிமெட்டு மலைப்பாதையில் லாரி பின்னால் வரும்போது இறங்கி நின்று, "வரலாம், வரலாம், ஒடி, ஓரம் பிடி" என்று பக்கவாட்டில் தட்டிக்கொண்டு வருகிற கிளீனர் பையன் இருக்கிறானே, அவன்தான் கைடு கேமரா. ஓட்டுகிறவர் வேறு.

பூமி சுற்றுவதால் வானம் நம் தலைக்கு மேல் ஒரு வினாடிக்கு 15 ஆர்க் செகண்டு நகர்கிறது. ஒரு டிகிரியை 3,600 பங்கு வைத்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்டு. தொலைநோக்கியைத் தாங்குகிற மவுண்டில் மோட்டார் உண்டு. வானம் போகிற வேகத்துக்கு அதுவும் திரும்பிக்கொண்டே போகும். ஆனால் பல்சக்கரம் என்பது மனுஷன் கடைந்ததுதானே. ஒவ்வொரு சுற்றிலும் சில ஆர்க் செகண்டு முன்னே போகும், பின்னே வரும். ஐந்து நிமிஷம் ஷட்டரைத் திறந்துவைத்தால் கடுகாக விழ வேண்டிய நட்சத்திரம் அரிசியாக விழும். கைடு கேமரா பக்கத்துக் குட்டிக் குழல் வழியாக ஒரே ஒரு நட்சத்திரத்தை இரண்டு வினாடிக்கு ஒரு தரம் பார்க்கிறது. இம்மி விலகியிருந்தால் மோட்டாருக்குச் சொல்லித் திருத்துகிறது. அவ்வளவுதான் வேலை.

இந்த வேலையை 1986இல் என் மாமா சம்பளமில்லாமல் செய்தார்.

மாமா அப்போது ஓர் ஏல எஸ்டேட்டில் ரைட்டர். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே சரிவில் அவருக்கென்று ஒன்றரை ஏக்கர், காபியும் ஏலமும் கலந்து. ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருஷம் அது. ஏப்ரல் 9 அமாவாசை. அந்த வாரம்தான் வால்நட்சத்திரம் பூமிக்கு மிக அருகே, தெற்கு வானத்தில். ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு அது அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. நமக்கோ தாராளமாக முப்பது டிகிரி உயரத்தில் நின்றது. எனக்குப் பன்னிரண்டு வயது. முழுப் பரீட்சை பக்கத்தில் இருந்தது. அதை யாரும் எனக்கு நினைவுபடுத்தாதபடி மாமா பார்த்துக்கொண்டார்.

மாமாவிடம் கேமரா கிடையாது. ஊரில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் ரஷ்யாக்காரன் செய்த ஜெனித் ஒன்றை இரவல் வாங்கினார். உள்ளே ஓர்வோ கறுப்பு வெள்ளை ஃபிலிம், 400 வேகம். வானத்தோடு கேமராவைத் திருப்ப மோட்டாருக்கு எங்கே போவது? ஹெய்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1975இல் ஓர் அமெரிக்க வானியல் பத்திரிகையில் வழி சொல்லியிருந்தார்: இரண்டு பலகை, நடுவில் ஒரு கதவுக் கீல், ஒரு திருகாணி. கீலை வானத்தின் துருவத்தைப் பார்க்க வைத்துவிட்டு, திருகாணியை நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் மேல் பலகை வானத்தோடு சேர்ந்து திறந்துகொண்டே போகும். அந்தப் பத்திரிகையின் கிழிந்த பிரதி மதுரையில் பழைய புத்தகக் கடையில் மாமாவிடம் சிக்கியிருந்தது. இன்ச் கணக்கை மில்லிமீட்டருக்கு மாற்றியது அவர் கைவரிசை. சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும் திருகாணி என்றால் கீலிலிருந்து 22.9 சென்டிமீட்டரில் துளை போட வேண்டும். ஆசாரி சிரித்துக்கொண்டே, "சாமி, 23ன்னு வச்சுக்குவோமே" என்றார். மாமா விடவில்லை. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஆசாரி தேக்குப் பலகையை இரண்டு முறை மாற்றினார்.

மேல் பலகையில் கேமரா. அதன் பக்கத்தில் சித்திரைத் திருவிழாவில் எப்போதோ வாங்கிய பொம்மைத் தொலைநோக்கி. அதன் கண்ணாடிக்குள் காய் உலர்த்தும் ஸ்டோர் உத்தரத்திலிருந்து எடுத்த சிலந்தி நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பெரிய ஆய்வகங்களின் கருவிகளிலும் குறுக்கு இழை ரொம்ப காலம் சிலந்தி நூல்தான். இருட்டில் நூல் தெரிய, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சைப் பக்கவாட்டில் கட்டினார். இழை இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, வலது கண்ணை அதில் பொருத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கடிகார முள்ளைப் பார்த்துத் திருகாணியைச் சுற்ற வேண்டும். "ம்… ம்… கொஞ்சம் வேகம்… இரு… ம்." பத்து நிமிஷம்.

அமெரிக்காவில் லிக் ஆய்வகத்தில் பார்னார்ட் என்பவர் 1890களில் இப்படித்தான் மணிக்கணக்காகக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்து பால்வீதியைப் படம் பிடித்தார். அவருக்குச் சம்பளம் உண்டு. மாமாவுக்கு அட்டை கடித்த புண்தான் மிச்சம்.

ஃபிலிமைக் கழுவக் கொடுத்த இடத்தில், "ஒண்ணுமே விழல தம்பி, எல்லாம் புள்ளி புள்ளியா தூசி" என்று சொல்லி, தூசியோடு தூசியாக நெகட்டிவைக் கன்னாபின்னாவென்று வெட்டி வைத்திருந்தார்கள். ஒன்றே ஒன்று தப்பியது. அதில் வால்நட்சத்திரம், விபூதி தொட்ட விரலைச் சுவரில் துடைத்த மாதிரி ஒரு தடம். மாமா அதைப் பார்க்கவேயில்லை. லென்ஸ் வைத்து ஓரத்து நட்சத்திரங்களைப் பார்த்தார். எல்லாம் கடுகு. ஆனால் ஒவ்வொரு கடுகுக்கும் இடப்பக்கம் சின்ன மூக்கு. நாலாவது நிமிஷம் வாக்கில் ஒரு குதி விழுந்திருக்க வேண்டும் என்றார்.

"நீ கண் அசந்துட்ட மாப்ள."

நான் அசரவில்லை. அவர்தான் அசந்தார் என்பது என் கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

என் காலம் வெப்கேமராவில் தொடங்கியது. பிலிப்ஸ் வெப்கேமராவைப் பிரித்து, உள்ளே கம்பி மாற்றிப் பற்றவைத்து, அதை வினாடிக்கணக்கில் வெளிச்சம் வாங்கவைக்கலாம் என்று இங்கிலாந்தின் ஸ்டீவ் சேம்பர்ஸ் காட்டியிருந்தார். உலகமெங்கும் காசில்லாத வானியல்காரர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. எனக்குப் பற்றவைக்கத் தைரியமில்லை. லென்ஸைக் கழற்றிவிட்டுச் சென்சாரை மட்டும் வைத்துக்கொண்டேன். அதைத் தொலைநோக்கியில் சொருக 31.7 மில்லிமீட்டர் குழாய் வேண்டும். கடையில் கிடைத்ததோ கேமராவைவிட விலை. மாமாவின் அலமாரியில் பழைய ஃபிலிம் டப்பா ஒன்று கிடந்தது. அடியை வெட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபிலிம் போன பிறகும் டப்பா உத்தியோகத்தில் நீடித்தது.

2012இல் தமிழ்நாட்டில் நாளுக்குப் பதினாலு மணி நேரம், பதினாறு மணி நேரம் மின்வெட்டு. ஊரே சபித்தது, நான் மட்டும் வெளியே சொல்லாமல் பூரித்தேன். சரிவில் நின்று கீழே பார்த்தால் போடியும் தேனியும் இருந்த இடமே தெரியாது. என் ஆயுளில் அவ்வளவு நட்சத்திரம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. ஒரே குறை: மவுண்டுக்கும் மடிக்கணினிக்கும் மின்சாரம் வேண்டும். இன்வெர்ட்டர் ஏற கரண்டு இருந்தால்தானே. இப்போது கரண்டு நிற்பதே இல்லை, எல்லாமே ஓடுகிறது, கீழே எல்ஈடி தெருவிளக்கில் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் பக்கம், நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்; மலையைக் குடைந்து, எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை மூடியிருக்க, உள்ளே 50,000 டன் இரும்பு. எதிர்ப்பு, ஊர்வலம், வழக்கு என்று வருஷங்கள் ஓடின. இன்றுவரை மலை குடையப்படவில்லை. அந்த நாட்களில் நான் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினால் யாராவது நிறுத்தி, "நீங்க அந்த நியூட்ரினோ ஆளா?" என்று கேட்பார்கள். "இல்லண்ணே, அது மலைக்கு உள்ள பாக்குறது, நான் வெளிய பாக்குறேன்" என்பேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை கோடி?" என்றார். வெப்கேமரா 600 ரூபாய் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அரசாங்க ரகசியம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

2019இன் ஆராய்ச்சிக்கு வருகிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் மெகாபிக்சலுக்கு ஒரு பத்தி, கலருக்கு ஒரு பத்தி போட்டிருந்தேன். போடிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? காயின் பச்சை நிறத்தையும் எட்டு மில்லி பருமனையும் பார்த்து விலை பேசுகிற ஊர். நிறம் மங்கினால் கிலோவுக்கு நூறு, இருநூறு போய்விடும். பெண்கள் முறத்தில் வைத்துப் பொறுக்கிய வேலையை இப்போது கேமரா வைத்த இயந்திரங்கள் நிறம் பார்த்து ஊதித் தள்ளுகின்றன. ஆக, நானும் நிறம் பார்த்தேன். பெரிய கேமராவுக்கு முன்னால் ஒத்திகையாக இருக்கட்டும் என்று விலை குறைந்த கலர் கேமரா ஒன்றை இறக்குமதி செய்தேன். கம்பெனி பெயர் எதற்கு.

வந்த பிறகுதான் புரிந்தது. கலர் சென்சாரில் ஒவ்வொரு புள்ளி மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கும்; வருகிற வெளிச்சத்தில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். கைடு கேமராவுக்கு நட்சத்திரம் சிவப்பா நீலமா என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மெகாபிக்சலும் அப்படியே, ஒரு மெகாபிக்சலே ஏராளம். காய்க்கு வாசம் கறுத்த அரிசியில்தானே, தோலில் இல்லையே. இருபது வருஷம் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியவனுக்கு இது உறைக்கவில்லை.

அந்தக் கேமராவுக்கு இன்னொரு குணமும் இருந்தது: அரை வினாடிக்கு மேல் வெளிச்சம் வாங்காது. அரை வினாடிப் படத்தில் நட்சத்திரம் காற்றின் நடுக்கத்தில் தத்தளிக்கும். மென்பொருள் அந்த நடுக்கத்தையெல்லாம் மவுண்டின் தவறு என்று நினைத்துத் துரத்தும். ஒன்றிலிருந்து மூன்று வினாடி வரை வாங்கினால் நடுக்கம் சராசரியாகி அடங்கிவிடும். என்னுடையது திருத்தத் திருத்த மோசமாகி, கைடு இல்லாமலே எடுத்த படம் மேல் என்று ஆனது.

கடைசியில் வாங்கியது இசட்டபிள்யூஓ கம்பெனியின் ஏஎஸ்ஐ 120 எம்எம் மினி. கட்டைவிரல் அளவு. கறுப்பு வெள்ளை, 1.2 மெகாபிக்சல், ஒரு புள்ளி 3.75 மைக்ரான். அப்போது வெளிநாட்டில் 150 டாலர் பக்கம். இதே சென்சார் குடும்பத்தில் வேறு கம்பெனிகளும் செய்தார்கள். புள்ளி இன்னும் சிறியதாக, உணர்திறன் அதிகமாகப் புதிய கேமராக்களும் வந்துவிட்டன. ஆனால் எனக்கு அவை தேவையில்லை என்று ஒரே ஒரு கணக்குச் சொன்னது. புள்ளியின் மைக்ரானை 206ஆல் பெருக்கி, குழலின் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு புள்ளி வானத்தில் எத்தனை ஆர்க் செகண்டு என்று வரும். என் குட்டிக் குழல் 120 மில்லிமீட்டர்: 6.4. படம் எடுக்கிற செகண்ட்ஹேண்ட் கேனான் 4.3 மைக்ரான், தொலைநோக்கி 650 மில்லிமீட்டர்: 1.4க்குக் கொஞ்சம் கீழே. கைடு பார்வை நாலரை மடங்குக்கு மேல் கரடு. ஆனால் மென்பொருள் நட்சத்திரத்தின் நடுப்புள்ளியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும் என்பதால், நாலு ஐந்து மடங்கு வரை கவலையில்லை. இரண்டு வருஷ ஆராய்ச்சி நோட்டில் உருப்படியானது இந்த ஒரு வரிதான். போட்டுப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும்.

மென்பொருளுக்குக் காசே இல்லை. அதன் பெயர் பிஎச்டி. முனைவர் பட்டமில்லை, "மடையா, இங்கே அமுக்கு" என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். எழுதியவர் கிரெய்க் ஸ்டார்க், நிஜமாகவே முனைவர் பட்டம் வாங்கிய நரம்பியல் பேராசிரியர். மனிதர்களின் ஞாபகசக்தி எப்படி இயங்குகிறது என்பது அவர் ஆராய்ச்சி. 1986ஐப் பற்றி மாமாவும் நானும் சொல்வதை அவரிடம் கொடுத்தால் ஒரு கட்டுரை தேறும்.

கேமரா வந்த பிறகும் மூன்று மாதம் அரிசிதான் விழுந்தது. ஒரு காரணம், மவுண்டுக்குப் போகிற கம்பி. 1980களின் கடைசியில் எஸ்டி-4 என்று ஓர் அமெரிக்க ஆட்டோகைடர் வந்தது. அதன் பெயரைச் சொல்லும் சொருகிதான் இன்றைக்கும் வழக்கம். பார்க்க அப்படியே தரைவழி டெலிபோன் சொருகி. கேமராவோடு வந்த கம்பியை எலி கடித்துவிட்டது. வீட்டில் டெலிபோன் போய்ப் பத்து வருஷம் ஆனாலும் ஒயர் கிடந்தது, எடுத்துச் சொருகிவிட்டேன். இதற்கு ஆறு இழை வேண்டும், அதில் நாலுதான். கிழக்கே போ என்றால் மவுண்டு போகிறது. மேற்கே திரும்பு என்றால் காதில் விழாத மாதிரி நிற்கிறது.

இன்னொரு காரணம் போடியின் பூகோளம். நம் அட்சரேகை 10 டிகிரி. ஆகவே துருவ நட்சத்திரமும் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மாமாவின் சரிவில் கிழக்கும் தெற்கும் திறந்து கிடக்கும், வடக்கில் மலை. எழுபது வருஷம் அங்கே வாழ்ந்த மாமா தன் நிலத்தில் நின்று துருவ நட்சத்திரத்தைப் பார்த்ததே இல்லை. 1986இல் ஆசாரி சீவித் தந்த 10 டிகிரி ஆப்பும் ஒரு திசைகாட்டியும் வைத்துக் கீலைத் திருப்பினார். நான் உச்சியில் ஒரு நட்சத்திரத்தைக் கைடு கேமராவில் பிடித்து, அது எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து மவுண்டைத் திருப்புகிறேன். முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. அதோடு, இந்த மவுண்டுகளெல்லாம் 40, 50 டிகிரியில் வாழ்கிறவர்களை நினைத்துச் செய்தவை. 10 டிகிரிக்குச் சாய்த்தால் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். போடி லேத் பட்டறையில் ஒரு பைப் துண்டைக் கடைந்து நடுவில் வைத்து மவுண்டை உயர்த்தித் தந்தார்கள். 450 ரூபாய். மொத்தச் செலவில் கட்டுப்படியானது அது ஒன்றுதான்.

போன வருஷம் மாமாவுக்கு வலது கண்ணில் புரை. மதுரையில் ஆபரேஷன் ஆகி லென்ஸ் வைத்தார்கள். திரும்பி வந்ததும் எத்தனை ஆனது என்று கேட்டேன். லென்ஸின் விலையை மட்டும் தனியாகக் கேட்டு வந்திருந்தார், ரைட்டர் உத்தியோகம் பார்த்தவராயிற்றே. என் கைடு கேமராவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் உள்விழி லென்ஸ் செய்யத் தொடங்கியது. 100 டாலர் அளவில் இருந்த பொருளை அவர்கள் 10 டாலர் அளவுக்கு இறக்கினார்கள். கட்டுப்படியாகிற கேமரா என்று நான் இரண்டு வருஷம் உலகமெல்லாம் தேடியபோது எண்பது, தொண்ணூறு கிலோமீட்டரில் இது நடந்துகொண்டிருந்தது.

"பழைய கைடு கேமராவுக்குப் புது லென்ஸ் போட்டாச்சு மாப்ள. கூட்டிட்டுப் போ" என்றார்.

மாசி மாத அமாவாசையை ஒட்டிக் கூட்டிப்போனேன். விடியற்காலை நாலு மணிக்கு ஒமேகா சென்டாரி தெற்கே முப்பது சொச்சம் டிகிரியில் உச்சி கண்டிருந்தது. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே கொத்தாக. லண்டன்காரன் வீட்டு மாடியில் ஆயுசுக்கும் ஏறாத பொருள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாமா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். திரையில் ஒரு நட்சத்திரம், பச்சைக் கட்டத்துக்குள். கீழே இரண்டு கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வேலை எதுவும் இல்லாமல் விழித்திருப்பது எனக்குப் பழகிவிட்டது, அவருக்குப் பழகவில்லை. "நான் என்ன செய்யணும்?" என்று இரண்டு தரம் கேட்டார். பிளாஸ்க்கில் டீ இருக்கிறது என்றேன்.

நாலரை மணிக்கு ஜீப்புகள் கிளம்பின. போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற ஜீப்புகள். பதினேழு கொண்டை ஊசி வளைவு; ஏதோ ஒரு வளைவில் விளக்கு நேராக எங்கள் சரிவைத் துடைத்துவிட்டுத்தான் போகும். குட்டிக் குழலுக்குள் வெளிச்சம் பாய்ந்தது. திரை சிவந்து பீப் பீப் என்று கத்தியது.

"விட்டுட்டானா?"

"ஜீப் வெளிச்சம் மாமா. பிடிச்சிருவான்."

"என் கண்ணுல இருந்து நட்சத்திரம் தப்புனதே இல்ல."

"எம்பத்தாறுல நாலாவது நிமிஷம்?"

"அது நீ தூங்குனது."

ஜீப் அடுத்த வளைவில் மறைந்தது. பச்சைக் கட்டம் மறுபடி நட்சத்திரத்தைக் கவ்விக்கொண்டது. மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எத்தன மணிக்கு விட்டான், எத்தனைக்குப் பிடிச்சான்னு எழுதி வக்கிறானா இவன்?"

"வினாடி சுத்தமா எழுதிருவான் மாமா. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு ஃபைலு."

கம்பளியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

"அப்ப இவன்கூடல்லாம் வேல பாக்க முடியாது."